எடை மெஷினில் ஏறிய மூன்றாவது கால்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கோடு போட்ட தாள் கொடுத்தாலும் என் எழுத்து ஒரு பக்கமாக மலை ஏறிவிடும். ஞாபகமும் சரியில்லை. முக்கியமானது மறந்துபோகும், ஒன்றுக்கும் உதவாதது மட்டும் பளிச்சென்று நிற்கும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

எனக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கிட்னி இரண்டும் வேலையை விட்டு நின்றுவிட்டதால், தென்காசி ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் என் ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே விடுகிறது. காப்பீட்டு அட்டை இருப்பதால் காசு கேட்பதில்லை. பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை. மெஷினை விட்டு எழுந்தால் தலை சுற்றும்; அப்போது வீடுவரை கொண்டு விட ஒரு ஆட்டோக்காரத் தம்பி இருக்கிறார். டயாலிசிஸ் ஆட்களிடம் அவர் கை நீட்டுவதில்லை. இவ்வளவும் இல்லையென்றால், பீடி சுற்றிப் பிழைத்த நான் அந்த மெஷினை எட்டிக்கூடப் பார்த்திருக்க முடியாது.

ஆனால் இவர்கள் எல்லோரையும்விட எனக்குப் பெரிய துணை என் தங்கச்சி. பெரிய தொல்லையும் அவள்தான். இலஞ்சியில் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். இரண்டு பேர் வீட்டுக்காரர்களும் போய்ச் சேர்ந்தாச்சு. என் பிள்ளைகள் வெளியூரில், அவள் மகன் போலீசில். ஆக, வீட்டில் இரண்டு கிழவிகளும் ஒரு தண்ணீர்ப் பானையும்.

பானையை ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்றால், வீட்டில் நடக்கிற சண்டை முழுக்க அதை வைத்துத்தான். கிட்னி நின்றுவிட்டால் ஒன்றுக்குப் போவது அற்றுப்போகும். குடித்த தண்ணீர் போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும், மூச்சுக்கு ஆபத்து. அதனால் ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில்தான். காப்பியும் அதில் சேர்த்தி, ரசமும் சேர்த்தி, மாத்திரை விழுங்குகிற மடக்கும் சேர்த்தி. காலையில் தங்கச்சி பாட்டிலை நிரப்பிக் கையில் கொடுத்துவிட்டுப் பானையை மறித்து உட்கார்ந்துகொள்வாள்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. முகம் துடைக்கிற சாக்கில் ஈரத் துண்டின் முனையைச் சப்புவேன். முகம் கழுவும்போது வாயைத் திறந்து வைத்துக்கொள்வேன். தண்ணீர் தானாக வந்து உள்ளே விழுந்தால் அது நான் குடித்ததாகுமா? நீங்களே சொல்லுங்கள்.

எடை மெஷின் மட்டும் இந்த நியாயத்தை ஒத்துக்கொள்ளாது. வார்டுக்குள் நுழைந்ததும் அதில் ஏற்றிவிடுவார்கள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் நர்ஸம்மா ஒன்றும் சொல்லமாட்டார், கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அதைவிட நாலு திட்டு வாங்கலாம்.

பக்கத்துக் கட்டிலில் வடகரைக்காரர் ஒருவர். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ஏட்டையா. "ஆச்சி, எங்க ஸ்டேஷன்ல இப்படி ஒரு மெஷின் இருந்திருந்தா ஒருத்தனையும் அடிச்சிருக்க வேண்டாம். ஏத்தி நிறுத்தினா போதும், உண்மை தானா வந்துரும்" என்பார்.

தங்கச்சிக்கு அது போதும். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்துவிடுவாள். "நர்ஸம்மா, இவ நேத்து துணி தொவைக்கப் போறேன்னு போனா. போயிப் பாத்தா, தொட்டிகிட்ட ஒக்காந்து துண்டச் சப்பிக்கிட்டு இருக்கா. கன்னுக்குட்டி தோத்துரும்."

எனக்கு மானம் போய்விடும். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வேன். டயாலிசிஸ் முடிகிற வரை நான் வெளியே வராமல் கிடந்த நாளெல்லாம் உண்டு.

போர்வைக்குள் கிடந்தபடி நான் வேறு ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தேன். போர்வை விலகின இடத்தில் தங்கச்சியின் கால்தான் கண்ணுக்கு நேராகத் தெரியும். அதில் செருப்பு வார் அழுந்தின தடம், செருப்பைக் கழற்றி வெகுநேரம் ஆன பிறகும் அப்படியே கிடந்தது. பிறகு ஒரு நாள் பார்த்தால் ஆம்பிளைச் செருப்பு போட்டிருக்கிறாள். கேட்டதற்கு, "இதுதான்ட்டி ஒழைக்கும்" என்றாள். அக்காவை 'ட்டி' போட்டுப் பேசினால் எதையோ மறைக்கிறாள் என்று அர்த்தம்.

எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நாங்கள் இரண்டு பேருமே சின்ன வயசிலிருந்து பீடி சுற்றினவர்கள். மடியில் இலையும் தூளும் பரப்பின சுளவை வைத்துக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்போம். எழுந்து ஒன்றுக்குப் போனால் பீடிக் கட்டு குறையும் என்று தண்ணீரே குடிக்கமாட்டோம். குடிக்கலாம் என்று இருந்த காலத்தில் குடிக்காமல், குடிக்காதே என்றதும் நாக்கை நீட்டுகிறேன், பாருங்கள். இடுப்பும் முட்டியும் விட்டுப்போனால் மருந்துக் கடைக்குப் போவோம். கடைக்காரர் ஒன்றும் கேட்கமாட்டார். மூன்று நிறத்தில் மாத்திரையை எண்ணி, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். டீயோடு போட்டால் வலி ஓடிப்போகும், மறுநாள் திரும்பி வரும். பிரஷர் பார்க்கவே இல்லை. பிரஷரும் அந்த வலி மாத்திரையும் சேர்ந்துதான் கிட்னியைத் தின்றிருக்கும் என்று டாக்டர் எனக்குச் சொன்னபோது, தங்கச்சி பக்கத்தில்தான் நின்றாள். கேட்டாள், தலையாட்டினாள், வீட்டுக்கு வந்து மூன்று நிற மாத்திரையை டீயோடு போட்டாள்.

"ரத்தம் குடுத்துச் சோதிச்சுப் பாருட்டி" என்று நான் சொல்லாத நாள் கிடையாது.

"சோதிச்சாத்தான் சீக்கு. சோதிக்கலன்னா வெறும் வலிதான். சும்மா கெட யக்கா."

அந்த வருஷம் குற்றாலத்துச் சாரல் சீசன் தொடங்கின சமயம். வார்டில் எல்லோருக்கும் முன்னால் தங்கச்சி மறுபடியும் துண்டுக் கதையை எடுத்தாள். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. போர்வைக்குள் இருந்தே சொன்னேன்.

"இந்தச் சாரல் முடியுத வரைக்கும் நான் ஒரு தடவகூட அளவு தாண்டமாட்டேன். தாண்டலன்னா நீ சோதனைக்கு ரத்தம் குடுக்கணும்."

தங்கச்சி சிரித்தாள். "நீயா? தண்ணியப் பாக்காமயா? சரி, தாண்டிட்டன்னா?"

ஏட்டையா குழாய் மாட்டின கையை அசைக்காமல் மற்றக் கையைத் தூக்கினார். "தாண்டிட்டா ஆச்சி இந்த வார்டுக்கு நடுவுல நின்னு குலவை போடணும். நான்தான் சாட்சி."

எனக்கு உயிரே போய்விட்டது. என் கல்யாணத்திலேயே எனக்காக மற்றவர்கள்தான் குலவை போட்டார்கள். கோயில் கொடைத் திருவிழாவில்கூட வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சும்மா நாக்கை ஆட்டுகிறவள் நான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தங்கச்சி, "ஒத்துக்கிட்டேன்" என்று சத்தியம் செய்கிற மாதிரி எடை மெஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலமே வீட்டில் ஆட்சி மாறிவிட்டது. பானைக்குக் காவல் இருந்தவள் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து என் கட்டில் பக்கத்தில் வைத்தாள். "மழைக்கு அங்கன ஒழுகுது யக்கா, இங்கனயே இருக்கட்டும்." பிறகு சொம்பை உயரத் தூக்கி டம்ளரில் ஊற்றினாள். சளசளவென்று அந்தச் சத்தம்! ஒரு டம்ளர் தண்ணீரை அவ்வளவு நேரம் ஊற்ற முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சாப்பாட்டிலும் சதி வந்தது. எனக்கென்று அரை உப்பில் சமைத்துக்கொண்டிருந்தவள், கருவாட்டுக் குழம்பும் மோர் மிளகாயும் அப்பளமுமாக இலை நிறைய வைத்தாள். உப்புத் தின்றால் தாகம் எடுக்கும் என்பது பச்சைப்பிள்ளைக்குத் தெரியும்.

"என்னட்டி இன்னைக்குக் கருவாடு?"

"வாய்க்கு ருசியா ஏதாவது திங்க வேண்டாமா நீ? நோயாளின்னா மனுசி இல்லையா?"

என்ன கரிசனம்! நான் அப்பளத்தை நொறுக்கி ஜன்னல் வழியாகக் காக்காய்க்குப் போடுவேன். கருவாட்டை, "எனக்கு முள்ளு ஆகாது, நீ தின்னு" என்று அவள் தட்டிலேயே தள்ளிவிடுவேன். என்னை நம்பவைக்க வேண்டுமே, அவளும் ஆகா ஓகோ என்று தின்பாள். தாகத்துக்கு நான் எலுமிச்சம் துண்டை நாக்கில் தடவிக்கொள்வேன், ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வேன், வாயைக் கொப்பளித்துத் துப்புவேன். துப்பும்போது அவள் எட்டி நின்று தொண்டை அசைகிறதா என்று பார்ப்பாள்.

ஒரு நாள் காற்று வாங்கலாம் என்று குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அப்போது எனக்குக் கழுத்தில் குழாய் இருந்தது, அதில் ஈரம் படக்கூடாது. ஐந்தருவியில் என்னைக் குடையோடு ஒரு கடையில் உட்காரவைத்துவிட்டு அவள் போய்க் குளித்தாள். சொட்டச் சொட்ட வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கூந்தலைப் பிழிந்தாள். "தண்ணின்னா தண்ணி யக்கா! ஐஸு! ஒரு மடக்குக் குடிச்சா நெஞ்சு வரைக்கும் ஜில்லுன்னு எறங்குது." சுடச்சுட மிளகாய் பஜ்ஜி வேறு வாங்கி என் மூக்குக்கு நேராகப் பிய்த்தாள். கடைக்காரர் எங்களைப் பார்த்து, "அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் என்ன பாசம்!" என்றார்.

ஒன்று சொல்லவேண்டும். உண்மையாகவே நான் டம்ளரைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோனால், இரண்டாவது மடக்குக்கு முன்னால் பிடுங்கிவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். பந்தயத்தில் அவள் ஜெயிக்கிற அளவுக்குத்தான் நான் குடிக்கவேண்டும், மூச்சு முட்டுகிற அளவுக்கு இல்லை. அவ்வளவு கணக்காகக் கெடுதல் செய்ய அவளால்தான் முடியும்.

இந்த விளையாட்டு எனக்கு ஒரு காலையில் கசந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அந்த ஆம்பிளைச் செருப்புக்குள்கூட அவள் கால் நுழையவில்லை. முகமும் தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி உப்பியிருந்தது. வாசல் படியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துத் தேய்த்து உள்ளே திணித்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், "மழைக்குச் செருப்பு சுருங்கிட்டு" என்றாள். ரப்பர் செருப்பு!

எனக்கு வைத்த உப்பையெல்லாம் நான் அவள் தட்டில் தள்ளியிருக்கிறேனே. அன்றைக்கே ஊறுகாய் ஜாடியை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். மோர் மிளகாயைக் கோழிக்குக்கூடப் போடமுடியாது, அதனால் கொல்லையில் குழி தோண்டிப் போட்டு மூடினேன். அவள் தேடித் தேடி, "இந்த வீட்டுல எலி மோர் மிளகாய் திங்க ஆரம்பிச்சுட்டு" என்றாள்.

பந்தயத்தின் கடைசி நாள் வந்தது. வெயில் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது, சாரல் முடிந்தது என்று ஏட்டையா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதுவரை ஒரு தடவைகூட நான் அளவு தாண்டவில்லை. அன்று ஜெயித்துவிட்டால் அவள் கையை நீட்டியாகவேண்டும்.

நான் எடை மெஷினில் ஏறினேன். எப்போதும் தூரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற தங்கச்சி, அன்று, "யக்காவுக்குத் தலை சுத்துதாம்" என்று பின்னாலேயே வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தலை சுற்றவே இல்லை.

"ஆச்சி, ஆடாம நில்லுங்க. நம்பர் ஓடுது" என்றார் நர்ஸம்மா.

நான் மரம் மாதிரி நின்றேன். சிவப்பு நம்பர் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது. இரண்டு கிலோவைத் தாண்டி நின்றது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நேற்று முழுக்க எலுமிச்சம் துண்டோடு கிடந்திருக்கிறேன். குலவை வேறு போடவேண்டும்.

"நான் குடிக்கல நர்ஸம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போது ஏட்டையா கட்டிலில் இருந்து மெதுவாகக் கேட்டார். "நர்ஸம்மா, ஆச்சிக்கு எத்தன காலு?"

"இதென்ன கேள்வி? ரெண்டுதான்."

"இங்கருந்து பாத்தா மெஷின்ல மூணு தெரியுதே."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். என் சேலைக்குப் பின்னால், மெஷினின் மூலையில், தங்கச்சியின் பெருவிரலும் பாதி பாதமும் அழுத்திக்கொண்டு நின்றன. வார்டே சிரித்தது. டயாலிசிஸில் படுத்துக் கிடந்தவர்கள் கையை ஆட்டாமல் வயிற்றை மட்டும் குலுக்கிச் சிரித்தார்கள். "ஐம்பது வருஷத்துக்கு முன்னால நீங்க எங்க ஸ்டேஷனுக்கு வந்திருக்கணும் தாயி. போலீஸ் பக்கமா, திருடன் பக்கமான்னு நான் சொல்லமாட்டேன்" என்றார் ஏட்டையா.

நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. தங்கச்சி காலை இழுத்துக்கொள்ளும் முன் அப்படியே தரையில் உட்கார்ந்து அதைப் பிடித்தார். கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டு எடுத்தார். அங்கே ஒரு குழி விழுந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம், குழி எழும்பவில்லை. கொழுக்கட்டை மாவில் விரல் வைத்த மாதிரி அப்படியே நின்றது.

"இது எத்தன நாளா இருக்கு?"

"பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தோம்லா, அதான்."

"உக்காந்துதான் வந்தோம்" என்றேன் நான்.

நர்ஸம்மா பிரஷர் கட்டினார். பார்த்துவிட்டு மறுபடியும் கட்டினார். தங்கச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா கண்ணாடிக்கு மேலாக அந்தப் பார்வையைப் பார்த்ததும் அவள் உடைந்துவிட்டாள்.

"நானும் இந்தக் கட்டில்ல படுத்துட்டா, இவள யாரு பஸ் ஏத்திக் கூட்டிக்கிட்டு வருவா? இவளுக்குத் தண்ணி வேணாம்னுகூட வாய தொறந்து சொல்லத் தெரியாதே!"

சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை நாள் அவள் பயந்தது ஊசிக்கு என்று நினைத்திருந்தேன்.

ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். வந்தது இதுதான். "ஆட்டோக்காரத் தம்பி கூட்டிக்கிட்டு வருவாரு. நீ தோத்துட்ட. கைய நீட்டுட்டி."

நீட்டினாள். ஊசி குத்தும்போது என் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "காலை எடுத்ததுக்கு அப்புறம் நம்பர பாருங்க, அப்பவும் தாண்டித்தான் இருப்பா" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பார்த்தார்கள். நான் அளவுக்குள்தான் இருந்தேன்.

சோதனை முடிவு வந்ததும் டாக்டர் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். கிட்னி அடிபட்டிருக்கிறது, ஆனால் போய்விடவில்லை. ஒன்றுக்கில் சத்து ஒழுகுகிறது. பிரஷர் அதிகம். அந்த மூன்று நிற மாத்திரையை இனிமேல் தொடவே கூடாது, வலித்தால் தன்னைக் கேட்டுத்தான் எதையும் போடவேண்டும். பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது, உப்பைக் குறைக்கவேண்டும், சொன்ன தேதிக்கு வந்து சோதிக்கவேண்டும். முழுக்கச் சரியாகும் என்று அவர் சொல்லவில்லை. "இப்பவாவது வந்தீங்களே, இனிமே கெடாமப் பாத்துக்கலாம்" என்றார். அது போதும் எங்களுக்கு.

வீட்டில் மறுபடி ஆட்சி மாற்றம். அவள் பானைக்குக் காவல், நான் உப்பு ஜாடிக்குக் காவல். அவள் அப்பளம் திருடுவாள். கடித்தால் சத்தம் வரும் என்று வாயில் வைத்து ஊறவைத்துத் தின்கிறாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஏதாவது கேட்பேன். பதில் சொல்ல முடியாமல் விழிப்பாள். கால் வீக்கம் வற்றிவிட்டது, பொம்பளைச் செருப்புக்கே திரும்பிவிட்டாள். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். தண்ணீரை அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்கு அது ஒரு சாக்கு.

அப்புறம் என் கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். முன்பே கையில் ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்தது நன்றாகத் தேறிவிட்டதாம், இனி மெஷினுக்கு அதிலேயே ஊசி போடலாமாம். காதை வைத்துக் கேட்டால் பூனை மாதிரி உறுமும். கழுத்துப் புண் ஆறினதும் டாக்டரிடம் தங்கச்சியே கேட்டாள், "இவ அருவியில குளிக்கலாமா?" ஓரமாக நின்று, அந்தக் கையில் அடி விழாமல் குளிக்கலாம் என்றார். "வாய மூடிக்கிட்டு" என்று அவள் சேர்த்துக்கொண்டாள்.

சாரல் முடிந்தும் ஐந்தருவியில் தண்ணீர் மிச்சம் இருந்தது. பொம்பளைகள் பக்கம் கூட்டமில்லை. கையைத் துண்டால் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன். தலையில் தண்ணீர் விழுந்ததும் உடம்பெல்லாம் உதறியது. தங்கச்சி முன்னால் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் காலைப் பார்த்தேன். தண்ணீருக்குள் எலும்பெல்லாம் தெரிந்தது. எனக்கு என்னமோ வந்துவிட்டது. வாயைத் திறந்து, நாக்கை மடக்கி, மூச்சு உள்ளவரை ஒரு குலவை போட்டேன். பந்தயத்தில் ஜெயித்தவள் போடவேண்டியதில்லைதான். அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால்தான் போட்டேன்.

"என்ன யக்கா வாயத் தொறந்த?" என்று கத்தினாள்.

"குலவை போட்டேன்."

"கேக்கல! செல்லாது! வார்டுல வந்து போடு!"

இவ்வளவுதான். படித்தவர்கள் யாராவது இதை ஒரு தடவை சரிபார்த்துக் கொடுக்கவேண்டும். டாக்டர் சொன்னதை நான் மாற்றி எழுதியிருந்தால் திருத்துங்கள், யாரும் இதைப் பார்த்து மாத்திரையை விடவோ போடவோ கூடாது. பந்தயம் சாரலின் ஆரம்பத்திலா கொஞ்சம் தள்ளியா என்பதை ஏட்டையாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தங்கச்சியிடம் கேட்டால், மெஷின் மேல் அவள் கால் தெரியாமல் பட்டது என்பாள், அதை மட்டும் திருத்தவேண்டாம். குலவை போடும்போது என் வாய்க்குள் விழுந்த தண்ணீரைத் துப்பிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அதைச் சரிபார்க்க வேண்டிய அவசியம் இல்லை.